இஎஸ்பி32 வைத்து ஒரு கிட்டார் ஆம்ப்: ஜாக்கில் தொடங்கி ஸ்பீக்கர் பெட்டி வரை

இஎஸ்பி32 போன்ற மைக்ரோகன்ட்ரோலரில் (நிரல் ஏற்றி இயக்கும் சின்னக் கணினிச் சிப்) கிட்டார் ஆம்ப் செய்பவர்கள் பெரும்பாலும் நிரலில்தான் முதலில் கை வைக்கிறார்கள். ஆனால் சத்தம் கெடுவது இரண்டே இடங்களில்: சிக்னல் சிப்புக்குள் நுழையும் வாசலிலும், டிஸ்டார்ஷன் போடும் அந்த ஒரு வரிக் கணக்கிலும். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மற்றவை தானாக வழிக்கு வரும். அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

செய்யப் போவது இது: 8 ஓம் ஸ்பீக்கரில் சுமார் 9 வாட் தரும் ஆம்ப். நாய்ஸ் கேட், ஓவர்டிரைவ், பாஸ்-மிட்-டிரெபிள், கேபினட் ஃபில்டர், டிலே, ரிவெர்ப் எல்லாம் சிப்புக்குள்ளேயே. வீட்டில் பழகுவதற்கும், சர்ச் குவயரில் வாசிப்பதற்கும், மெல்லிசைக் குழு ஒத்திகைக்கும் 9 வாட் போதும்.

என்னென்ன வேண்டும்

மூளையாக 38 பின் அல்லது 30 பின் இஎஸ்பி32 டெவ்கிட் போர்டு ஒன்று. இதில் உள்ளேயே ஏடிசி (சிக்னலை அளந்து எண்ணாக்கும் பகுதி) இருக்கிறதே என்று கிட்டாரை நேராக அதில் கொடுக்காதீர்கள். அது இரைச்சலானது, நேர்கோட்டில் அளக்காது, குமிழ்களைப் படிக்க மட்டுமே லாயக்கு. ஒலிக்கு உள்ளே வர பிசிஎம்1808 மாட்யூல், வெளியே போக பிசிஎம்5102 மாட்யூல். இரண்டும் ஐ2எஸ் முறையில், அதாவது சிப்புகள் ஒலியை எண்ணாகப் பரிமாறும் முறையில் பேசும்.

முன்நிலைக்கு டிஎல்072 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) ஒன்றும் அதற்கு 8 பின் சாக்கெட்டும். பவர் ஆம்பாக டிபிஏ3118 மோனோ போர்டு. மின்சாரத்துக்கு 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் (சிசிடிவி கேமராவுக்கும் எல்இடி பட்டைக்கும் விற்பதுதான்), எல்எம்2596 பக் மாட்யூல் (வோல்ட்டேஜைக் குறைப்பது), 7809, 7805 ரெகுலேட்டர்கள் தலா ஒன்று. 10 கிலோ ஓம் லீனியர் பாட் ஐந்து, 10 கிலோ ஓம் லாக் பாட் ஒன்று, 10 கிலோ ஓம் பிரீசெட் (திருப்புளியால் திருகி வைக்கும் சின்ன பாட்) ஒன்று, காலால் அழுத்தும் சுவிட்ச் இரண்டு, கால் அங்குல மோனோ ஜாக் ஒன்று. இந்த ஜாக், பிளக் செருகாதபோது தானே ஷார்ட் ஆகும் சுவிட்ச் உள்ளதாக இருக்கட்டும். 8 அங்குல, 8 ஓம் ஸ்பீக்கர். டாட் போர்டு, ஷீல்டு வயர், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் சில்லறை.

ஐசி, ரெகுலேட்டர், பாட், ஜாக் எல்லாம் ரேடியோ-டிவி உதிரிபாகக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை. இரண்டு பிசிஎம் மாட்யூல்களையும் கூரியரில் வரவழைக்க வேண்டியிருக்கும். வாங்கும்போது தலா ஒன்று கூடுதலாக வாங்குங்கள். பின்கள் மிக நெருக்கம், முதல் முறை ஈயம் வைப்பவர் ஒன்றைக் கெடுத்துவிடலாம்.

ஈயம் வைப்பதில் ஒரு விஷயம். சேலம் செவ்வாய்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் பற்று வைப்பவர்கள் சுடுவது வெள்ளியைத்தான்; அந்தச் சூட்டில்தான் பற்று உருகி ஓடும். இங்கேயும் அதே வித்தை. அயர்ன் நுனியைப் பின்னிலும் பேடிலும் சேர்த்து இரண்டு வினாடி வைத்து, பிறகு ஈயத்தை எதிர்ப்பக்கமிருந்து கொடுங்கள். நுனியில் உருக்கி எடுத்து வந்து தடவினால் மேலே பளபளக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. கிட்டார் வாசிக்கும் அதிர்வில் அந்த இடம்தான் முதலில் கொரகொரக்கும்.

முதல் வேலை மின்சாரம்

12 வோல்ட் உள்ளே வரும் இடத்தில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். அதன் மைனஸ் கால்தான் இந்த ஆம்ப் முழுவதற்கும் கிரவுண்ட் சந்திப்பு. பவர் ஆம்புக்கு ஒரு கிரவுண்ட் வயர், எல்எம்2596-க்கு ஒன்று, 7809-க்கு ஒன்று, எல்லாம் தனித்தனியாக இந்தப் புள்ளிக்கு வர வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடராக இழுத்தால், ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டம் முன்நிலையின் கிரவுண்டையும் சேர்த்து ஆட்டும். ஹம்மும் ஊளையும் அங்கேதான் பிறக்கின்றன.

எல்எம்2596-ஐ இஎஸ்பி32-இல் இணைப்பதற்கு முன்பே, தனியாக 12 வோல்ட் கொடுத்து, மீட்டரில் பார்த்து 5.0 வோல்ட்டுக்குத் திருகி வையுங்கள். புதிதாக வரும் மாட்யூல் எந்த வோல்ட்டேஜில் நிற்கும் என்று சொல்ல முடியாது. இந்த 5 வோல்ட் இஎஸ்பி32-க்கு மட்டும். ஒலி சிப்புகளுக்கு வேறு வழி: 12 வோல்ட்டிலிருந்து 7809, அதன் 9 வோல்ட் டிஎல்072-க்கு, அதே 9 வோல்ட்டிலிருந்து 7805, அதன் 5 வோல்ட் இரண்டு பிசிஎம் மாட்யூல்களுக்கும். இழுக்கும் மின்னோட்டம் மொத்தமே சில பத்து மில்லி ஆம்பியர்தான். சேலத்துச் சித்திரை வெயிலிலும் ரெகுலேட்டர்களுக்கு ஹீட் சிங்க் தேவைப்படாது. இப்படிப் பிரித்து வைப்பதன் காரணம், இஎஸ்பி32 மின்னோட்டத்தைத் துடித்துத் துடித்து இழுக்கும். அந்தத் துடிப்பு ஒலிச் சிப்பின் மின்சாரத்தில் கலந்தால் மெல்லிய விசில் போலக் கேட்கும்.

யூஎஸ்பி கேபிள் செருகி நிரல் ஏற்றும்போது, எல்எம்2596-இன் 5 வோல்ட் வயரைக் கழற்றிவிடுங்கள். இரண்டு மின்சாரம் ஒரே பின்னில் மோதக் கூடாது. இதற்கென்றே ஒரு ஜம்பர் வைத்துக்கொள்வது நல்லது.

வாசல்: முன்நிலைச் சுற்று

கிட்டார் பிக்கப் என்பது ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி. அது பார்க்கும் உள்ளீட்டு மின்தடை குறைந்தால் உயர் அலைகள் உள்ளேயே தேய்ந்துவிடும். துணி போர்த்தியது போலச் சத்தம் மங்கும். பிசிஎம்1808-இன் உள்ளீடு 60 கிலோ ஓம் மட்டுமே. கிட்டாருக்கு வேண்டியது 1 மெகா ஓம். அதற்குத்தான் டிஎல்072. சிப்பின் உள்வாசலில் ஜேஃபெட் இருப்பதால் பிக்கப்பிலிருந்து கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுக்காது.

இணைப்பு இப்படி. ஜாக்கின் முனையிலிருந்து 10 கிலோ ஓம். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 100 பைக்கோஃபாரட். ரேடியோ நிலையம் உள்ளே புகுந்து பாடாமல் தடுப்பது இதுதான். அங்கிருந்து 22 நானோஃபாரட் வழியாக டிஎல்072-இன் 3-ஆம் பின். இந்த 22 நானோ மைலார் வகையாக இருக்க வேண்டும். சாதாரண செராமிக் வைத்தால் போர்டைத் தட்டினாலே டொக் என்று ஸ்பீக்கரில் கேட்கும். 3-ஆம் பின்னிலிருந்து 1 மெகா ஓம் ஒன்று, 4.5 வோல்ட் புள்ளிக்கு. அந்தப் புள்ளி, 9 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இரண்டு 10 கிலோ ஓம் போட்டு, நடுவிலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் வைத்துச் செய்வது.

1-ஆம் பின்னிலிருந்து 2-ஆம் பின்னுக்கு 10 கிலோ ஓம் பிரீசெட். 2-ஆம் பின்னிலிருந்து 2.7 கிலோ ஓம், அதோடு தொடராக 10 மைக்ரோஃபாரட், கிரவுண்டுக்கு. பிரீசெட்டைத் திருப்பினால் பெருக்கம் 1 முதல் 4.7 மடங்கு வரை மாறும். 1-ஆம் பின்னிலிருந்து 10 மைக்ரோஃபாரட் (பிளஸ் கால் சிப் பக்கம்), பிறகு 1 கிலோ ஓம், பிறகு பிசிஎம்1808-இன் இடது உள்ளீடு. அந்த 1 கிலோ ஓமைத் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். 9 வோல்ட்டில் ஓடும் டிஎல்072, 5 வோல்ட்டில் ஓடும் சிப்பை அதன் எல்லைக்கு மேல் தள்ளக்கூடும். அப்போது மின்னோட்டத்தை ஓரிரு மில்லி ஆம்பியருக்குள் கட்டிப்போட்டு சிப்பைக் காப்பாற்றுவது அதுதான்.

டிஎல்072-க்குள் இன்னொரு பாதி சும்மா இருக்கும். அதைத் தொங்கவிட்டால் தன்பாட்டுக்கு அலைந்து பக்கத்துப் பாதியையும் கெடுக்கும். 6, 7 பின்களைச் சேர்த்துவிட்டு, 5-ஆம் பின்னை 4.5 வோல்ட் புள்ளியில் கொடுத்து அடக்கி வையுங்கள். 8-க்கும் 4-க்கும் நடுவில் 100 நானோஃபாரட், சிப்பை ஒட்டியே.

இப்போது அளவு. 8-ஆம் பின் 9 வோல்ட், 1-ஆம் பின் 4.5 வோல்ட் காட்ட வேண்டும். 3-ஆம் பின்னில் வைத்தால் மீட்டர் 4.1 வோல்ட்தான் காட்டும். பதற வேண்டாம். நல்ல டிஜிட்டல் மீட்டருக்கே 10 மெகா ஓம் உள்தடை உண்டு. அது 1 மெகா ஓமோடு சேர்ந்து பங்கு போட்டு 4.5-ஐ 4.1 ஆக்குகிறது. மீட்டரை எடுத்ததும் சரியாகிவிடும். 1-ஆம் பின் 4.5-க்குப் பதில் ஒரு வோல்ட்டுக்கும் கீழே அல்லது 8 வோல்ட்டை ஒட்டி நின்றால், 1 மெகா ஓம் சரியாகப் பற்றவில்லை என்று பொருள்.

டிஜிட்டல் போர்டுகள்

பிசிஎம்1808-க்கு இரண்டு மின்சாரம் தேவை: 7805-இலிருந்து 5 வோல்ட், இஎஸ்பி32-இன் 3.3 வோல்ட் பின்னிலிருந்து 3.3. அதன் எஃப்எம்டி, எம்டி0, எம்டி1 மூன்றையும் கிரவுண்டில் கட்டுங்கள். அப்போது அது ஐ2எஸ் முறையில், கடிகாரத்தை வெளியிலிருந்து வாங்கும் அடிமையாக இயங்கும். வலது உள்ளீட்டை கிரவுண்டில் ஷார்ட் செய்துவிடுங்கள்.

பிசிஎம்5102-இல் ஏமாற்றம் அடையாதவர்கள் குறைவு. மாட்யூலைத் திருப்பிப் பாருங்கள். 1 முதல் 4 வரை எண் போட்ட நான்கு இடங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று சின்னப் பேடுகள்: நடு, ஹெச் பக்கம், எல் பக்கம். 1, 2, 4 மூன்றிலும் நடுவையும் எல்-ஐயும் ஈயத்தால் சேர்க்க வேண்டும். 3-இல் மட்டும் நடுவையும் ஹெச்-ஐயும். அந்த 3-தான் வாய்ப்பூட்டு. அது எல் பக்கம் போனாலோ திறந்தே கிடந்தாலோ, எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சத்தமும் வராது. முன்பக்கத்தில் எஸ்சிகே பக்கத்தில் இன்னொரு ஜோடிப் பேடு உண்டு. அதையும் சேர்த்து எஸ்சிகே-யை கிரவுண்டில் கட்டினால் சிப் தன் கடிகாரத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளும். சில மாட்யூல்கள் எல்லாம் சேர்த்தே வரும், சில வராது. லென்ஸ் வைத்துப் பாருங்கள், மீட்டரில் பீப் கேட்டு உறுதி செய்யுங்கள்.

பின் இணைப்புகள்:

- ஜிபிஐஓ 0: பிசிஎம்1808-இன் எஸ்சிகேஐ (முதன்மைக் கடிகாரம்)
- ஜிபிஐஓ 26: இரண்டு மாட்யூலின் பிசிகே
- ஜிபிஐஓ 25: இரண்டு மாட்யூலின் எல்ஆர்சிகே
- ஜிபிஐஓ 35: பிசிஎம்1808-இன் டேட்டா வெளியீடு
- ஜிபிஐஓ 22: பிசிஎம்5102-இன் டேட்டா உள்ளீடு
- ஜிபிஐஓ 32, 33, 34, 36, 39: ஐந்து குமிழ்கள்
- ஜிபிஐஓ 18, 19: கால் சுவிட்சுகள், மறுமுனை கிரவுண்ட்

48 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் பிசிகே 3.072 மெகாஹெர்ட்ஸ், முதன்மைக் கடிகாரம் அதன் நான்கு மடங்கு, 12.288 மெகாஹெர்ட்ஸ். இந்த வேகத்தில் நீண்ட வயர் ஆன்டெனாவாகிவிடும். 10 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். எஸ்சிகேஐ வயரில் இஎஸ்பி32 பக்கமாக ஒரு 47 ஓம் போட்டு, கிரவுண்ட் வயரோடு முறுக்கிவிடுங்கள். பழைய இஎஸ்பி32 முதன்மைக் கடிகாரத்தை 0, 1, 3 என்ற மூன்று பின்களில் மட்டுமே தரும். 1-உம் 3-உம் யூஎஸ்பி சீரியலுக்குப் போய்விட்டதால் 0-தான் மிச்சம். அது பூட் பின்னும் கூட என்பதால், ஆன் செய்யும் நேரத்தில் அது கிரவுண்டில் ஷார்ட் ஆகியிருந்தால் நிரல் ஓடாது.

குமிழ்களின் நடுக்காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட். இந்த ஐந்து பின்களும் ஏடிசி1 பிரிவு, அதைத் தாண்டாதீர்கள்.

வெறும் கடத்தல்: முதலில் இது கேட்கட்டும்

எஃபெக்ட் எதுவும் இல்லாமல், உள்ளே வந்ததை அப்படியே வெளியே விடும் நிரலை எழுதுங்கள். ஐ2எஸ்-இன் வாங்கும் வழியையும் அனுப்பும் வழியையும் ஒரே போர்ட்டில், ஒரே அழைப்பில் உருவாக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடும். 32 பிட், ஸ்டீரியோ, 48000, கடிகாரப் பெருக்கம் 256, கடிகார மூலம் ஏபிஎல்எல் (ஒலிக்கான துல்லியக் கடிகாரம்). டிஎம்ஏ பெட்டி (மாதிரிகள் தற்காலிகமாகச் சேரும் நினைவிடம்) மூன்று, ஒவ்வொன்றிலும் 64 மாதிரி. வைஃபை, புளூடூத் இரண்டையும் தொடங்கவே வேண்டாம்.

வந்து சேரும் 32 பிட் எண்ணை 2147483648-ஆல் வகுத்தால் −1 முதல் +1 வரையிலான மிதவை எண் கிடைக்கும். கணக்கு முழுவதும் இதில்தான். இடது பக்கத்தை மட்டும் எடுத்து, கணக்கு முடிந்ததும் இரண்டு பக்கமும் அதையே அனுப்புங்கள்.

தாமதம் எவ்வளவு? உள்ளே நிரம்ப 1.3 மில்லி வினாடி, வெளியே வரிசையில் நிற்க 4, இரண்டு சிப்புகளின் உள்ஃபில்டர்கள் முக்கால் மில்லி வினாடி. மொத்தம் 6 என்று வையுங்கள். ஒலி காற்றில் வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. ஆம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். விரலுக்குத் தெரியாது. பெட்டியை 256 மாதிரியாக்கினால் 20 மில்லி வினாடியைத் தாண்டும், அப்போது வேகமான பிக்கிங்கில் கை தடுமாறும்.

இந்தக் கட்டத்தில் பிரீசெட்டைச் சரி செய்யுங்கள். ஒவ்வொரு வினாடியும் அதிகபட்ச அளவைச் சீரியலில் அச்சிடச் செய்து, பிரிட்ஜ் பிக்கப்பில் ஆறு கம்பியையும் ஓங்கி அடியுங்கள். 0.5-ஐ ஒட்டி நிற்கட்டும். 1.0-ஐத் தொட்டால் சிப்பின் வாசலிலேயே சிக்னல் வெட்டுப்படுகிறது, பின்னால் எந்தக் கணக்கும் அதை மீட்காது. அச்சிடும் வேலை ஒலிக் கணக்கு ஓடும் கோரில் இருக்கக் கூடாது. ஒலி கோர் 1-இல், குமிழ் படிப்பதும் அச்சிடுவதும் கோர் 0-இல்.

கேட், ஓவர்டிரைவ், அந்த ஒரு வரி

நாய்ஸ் கேட்டை எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். சிக்னலின் உறையைப் பின்தொடர, ஏறும்போது 1 மில்லி வினாடி (குணகம் 0.979), இறங்கும்போது 120 மில்லி வினாடி (குணகம் 0.99983). கம்பிகளைக் கையால் அமுக்கிக்கொண்டு இரைச்சல் அளவைப் படியுங்கள். அதற்கு 12 டெசிபல் மேலே திறக்கட்டும், 6 டெசிபல் மேலே மூடட்டும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் சுரம் தேய்ந்து முடியும் இடத்தில் கேட் திறந்து மூடித் திறந்து மூடி வெட்டும்.

பிறகு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைக்கும் ஹை-பாஸ். கனமான டிஸ்டார்ஷனுக்கு இதை 700 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றினால் தடித்த கம்பிகள் குழறாமல் தெளியும். அடுத்து கெய்ன், 0 முதல் 50 டெசிபல். அதாவது 1 முதல் 316 மடங்கு. குமிழை டெசிபலாக எடுத்து அடுக்காக மாற்றுங்கள். நேராகப் பெருக்கினால் குமிழின் கடைசிக் கால் சுற்றில்தான் எல்லாம் நடக்கும்.

இப்போது அந்த வரி: வெளியீடு = டான்ஹெச்(உள்ளீடு). மென்மையாக வளைந்து தட்டையாகும் வளைவு. −4 முதல் +4 வரை 1024 புள்ளி அட்டவணை செய்து, இடைமதிப்பை நேர்கோட்டில் எடுத்தால் வேகம் கிடைக்கும். உள்ளீட்டோடு 0.2 கூட்டி, பின்னால் டிசி-யை நீக்கினால் இரட்டை ஒத்திசைகள் சேர்ந்து வால்வ் ஆம்பின் கனம் வரும்.

இதை 48 கிலோஹெர்ட்ஸிலேயே நேராகச் செய்தால் என்ன ஆகும்? மெல்லிய கம்பியில் 22-ஆம் ஃபிரெட், 1174.7 ஹெர்ட்ஸ். கெய்ன் முழுக்க ஏற்றியிருக்கும்போது அலை கிட்டத்தட்டச் சதுரம். 35-ஆம் ஒத்திசை 41113 ஹெர்ட்ஸில் விழ வேண்டும். 24000-க்கு மேல் இடமில்லாததால் அது மடங்கி 6887 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். சுருதிக்குச் சம்பந்தமே இல்லாத இடம். கம்பியை இழுத்து ஒரு முழுச் சுரம் ஏற்றுங்கள், 1318.5 ஹெர்ட்ஸ். அதே ஒத்திசை இப்போது மடங்கி 1852 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். சுரம் மேலே போகிறது, பின்னால் ஒரு பேய்ச்சத்தம் கீழே சறுக்குகிறது. டிஜிட்டல் டிஸ்டார்ஷன் என்றாலே சிலர் முகம் சுளிப்பது இந்தச் சறுக்கலால்தான். காதால் சோதிக்க இதைவிட நல்ல வழி கிடையாது: கடைசி ஃபிரெட், முழு கெய்ன், மெதுவாக இழுங்கள்.

மருந்து, நான்கு மடங்கு ஓவர்சாம்ப்ளிங். ஒவ்வொரு மாதிரிக்கும் பின்னால் மூன்று பூஜ்யம் செருகி 192 கிலோஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 14 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் 32 குணக எஃப்ஐஆர் (மாதிரிகளைக் குணகங்களால் பெருக்கிக் கூட்டும் ஃபில்டர்) லோ-பாஸ் (ஹாம்மிங் சாளரம்) வழியே விட்டு, டான்ஹெச் போட்டு, அதே ஃபில்டரில் மறுபடி விட்டு, நான்கில் ஒன்றை மட்டும் எடுங்கள். பூஜ்யம் செருகியதால் அளவு கால்வாசியாகிவிடும். முதல் ஃபில்டருக்குப் பின் 4-ஆல் பெருக்க மறந்தால் 12 டெசிபல் காணாமல் போய், கெய்ன் ஏறவே இல்லை என்று குழம்புவீர்கள். இப்போது அதே சுரத்தில் 140-ஐத் தாண்டிய ஒத்திசைகள்தான் காதுக்கு எட்டும் இடத்துக்கு மடங்க முடியும், அவற்றில் வலுவே இல்லை.

நிரலில் எண்களுக்குப் பின்னால் எஃப் எழுத்துப் போடுவதை மறக்காதீர்கள். 0.5 என்று வெறுமனே எழுதினால் கம்பைலர் அதை இரட்டைத் துல்லியமாக எடுக்கும். இஎஸ்பி32-இன் மிதவை அலகு ஒற்றைத் துல்லியம் மட்டுமே அறியும். மற்றதை மென்பொருளில் இழுத்து இழுத்துக் கணக்கிடும். 64 மாதிரிக்கு 240 மெகாஹெர்ட்ஸில் 320000 சுழற்சி கையில் இருக்கிறது. சுழற்சி எண்ணியை வைத்து அளந்து 220000-க்குள் நிறுத்துங்கள்.

டோன், கேபினட், டிலே, ரிவெர்ப்

டோனுக்கு மூன்று பைக்வாட் (ஐந்து குணகம் கொண்ட சின்ன ஃபில்டர்): 100 ஹெர்ட்ஸில் லோ-ஷெல்ஃப், 650-இல் க்யூ 0.7 பீக், 3000-இல் ஹை-ஷெல்ஃப். ஒவ்வொன்றும் ±12 டெசிபல். குமிழ் அசைந்தால் மட்டும் குணகங்களைத் திரும்பக் கணக்கிடுங்கள்.

கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென விழும். சாதாரண ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ அப்படி விழாது. டிஸ்டார்ஷன் தேனீக்கூட்டமாகக் கேட்கும். 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ், 400-இல் 4 டெசிபல் பள்ளம், 2800-இல் 5 டெசிபல் மேடு, 5000-இல் நான்காம் படி லோ-பாஸ் என்று ஐந்து பைக்வாட்டில் கேபினட் கிடைத்துவிடும். உண்மையான கிட்டார் ஸ்பீக்கர் போட்டிருந்தால் இதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை மங்கும்.

டிலேக்கு அரை வினாடி, 24000 மாதிரி. 16 பிட்டில் வைத்தால் 48000 பைட், தாராளமாக இடமுண்டு. திரும்பும் வழியில் 3 கிலோஹெர்ட்ஸ் லோ-பாஸ் ஒன்று: புதியது = பழையது + 0.325 × (உள்வரவு − பழையது). எதிரொலி ஒவ்வொன்றும் கொஞ்சம் மங்கிக்கொண்டே போகும், ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துக் கூப்பிட்டதைப் போல. திரும்பும் அளவு 0.9-ஐத் தாண்டக் கூடாது.

ரிவெர்ப்புக்கு ஒலியியல் அறிஞர் மன்ஃபிரெட் ஷ்ரோடர் 1960-களின் தொடக்கத்தில் காட்டிய அமைப்பே இந்தச் சிப்புக்குக் கச்சிதம். இணையாக நான்கு கோம்ப் (எதிரொலியைத் திரும்பத் திரும்பத் தருவது), தொடராக இரண்டு ஆல்-பாஸ் (எதிரொலிகளை அடர்த்தியாக்குவது). கோம்ப் நீளம் 1427, 1783, 1973, 2099 மாதிரி; ஆல்-பாஸ் 241, 83, குணகம் 0.7. எல்லாம் பகா எண்கள், எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரவ. இரண்டு வினாடி நீளம் வேண்டுமானால் முதல் கோம்புக்கு 0.90, கடைசிக்கு 0.86. மொத்த நினைவகம் சுமார் 30000 பைட்.

பவர் ஆம்பும் பெட்டியும்

பிசிஎம்5102 முழு அளவில் 2.1 வோல்ட் தரும். 26 டெசிபல் பெருக்கமுள்ள டிபிஏ3118 போர்டு 12 வோல்ட்டில் அரை வோல்ட்டுக்குள்ளேயே நிறைந்துவிடும். அதனால் 33 கிலோ ஓம் தொடராகப் போட்டு, பிறகு 10 கிலோ ஓம் லாக் வால்யூம்.

இந்தப் போர்டில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று: ஸ்பீக்கர் வயர் இரண்டில் எதுவும் கிரவுண்ட் அல்ல. இரண்டுமே எதிரெதிராக ஆடும். ஸ்பீக்கருக்கு உலோக ஜாக் வைத்து உலோகப் பெட்டியில் திருகினால், ஒரு வயர் பெட்டி வழியாகக் கிரவுண்டில் ஷார்ட் ஆகிவிடும். பிளாஸ்டிக் உடல் ஜாக் வையுங்கள், அல்லது வயரை நேராக இணைத்துவிடுங்கள்.

மின்னணுப் பகுதியை மூட எவர்சில்வர் தகடு ஆசையாக இருக்கும், அதுவும் உருக்காலை இருக்கும் ஊரில். 304 வகைத் தகடு மின்புல இரைச்சலைத் தடுக்கும், ஆனால் காந்தம் ஒட்டாததால் டிரான்ஸ்ஃபார்மரின் காந்த ஹம்மைத் தடுக்காது. சாதாரண இரும்புத் தகடு இரண்டையும் தாங்கும். தகட்டை கிரவுண்டோடு ஒரே இடத்தில், உள்ளீட்டு ஜாக் அருகில் மட்டும் சேருங்கள். பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட்; காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் பலகை கிடைத்தால் அதுவும் ஆகும், நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். பின்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திறந்து விடுங்கள்.

சத்தம் சரியில்லை என்றால்

கம்பியைத் தொட்டதும் நின்றுபோகும் ரீங்காரம் என்றால் கிட்டாரின் உள்ஷீல்டிங் அல்லது வீட்டின் எர்த். இரண்டு பின் அடாப்டரில் கம்பியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று கடித்தால், மூன்று பின் அடாப்டருக்கு மாறி, சுவரில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாகவே இருப்பதுண்டு.

அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் விசைத்தறி ஓடும் லைனில் வாசித்தால், மோட்டார் ஏறி இறங்கும்போது டிக் டிக்கென்று உள்ளே வரலாம். அடாப்டருக்குப் பதில் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக இணைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றம் லைனிலும் அடாப்டரிலும். நிற்காவிட்டால் உங்கள் கிரவுண்ட் வயர்களில். சராசரி அரை ஆம்பியர் என்று வைத்தாலும் அந்தப் பேட்டரி 10 மணி நேரம் ஓட்டும், மலையில் கரண்ட் போனாலும் ஒத்திகை நிற்காது.

சீரான இடைவெளியில் படபடப்பு கேட்டால் கணக்கு நேரத்துக்குள் முடியவில்லை. ரிவெர்ப்பை அணைத்து மறுபடி கேளுங்கள். குமிழ் திருப்பும்போது மட்டும் சரசரத்தால் மதிப்பு படிப்படியாகக் குதிக்கிறது. ஒவ்வொரு டிஎம்ஏ பெட்டிக்கும் வித்தியாசத்தில் 5 சதவீதம் மட்டும் நகர்த்துங்கள். ஆன் செய்யும்போது டம் என்றால், முதல் 300 மில்லி வினாடி வெளியீட்டைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். லேப்டாப் இணைத்திருக்கும்போது மட்டும் விசில் என்றால் அது லேப்டாப் சார்ஜருடையது, கழற்றினால் போய்விடும்.

கீழே சேலத்தில் சுத்தமாக இருந்த ஆம்ப், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் மூடுபனி இறங்கிய இரவில் மெல்லப் பொரிவது போலச் சத்தம் போட்டால், 3-ஆம் பின்னைச் சுற்றிப் பாருங்கள். ஈயத்தோடு வந்த ஃப்ளக்ஸ் மிச்சம் பழுப்பாக ஒட்டியிருக்கும். 1 மெகா ஓம் இருக்கும் இடத்தில் ஈரம் குடித்த ஃப்ளக்ஸ் தானே இன்னொரு ரெசிஸ்டராகிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல் துலக்கியால் தேய்த்து, ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, அந்த ஒரு ரூபாய் அகல இடத்தில் மட்டும் இரண்டு கோட் வார்னிஷ் பூசுங்கள். ஜாக்கின் உள்பக்கம் பூச வேண்டாம், பிளக் தொடும் இடம் அது.